ஐந்து பேர் எழுதிய அபின்

போன மாதம் புதிய கள அலுவலர்களான உங்கள் பயிற்சி வகுப்பில் பேச என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். என் முறை வருவதற்கு முன்னால் உங்களில் ஒருவர் எழுந்து தன் வட்டாரத்து அறிக்கையைத் திரையில் போட்டுக் காட்டினார். "அஞ்சு நிபுணர்களும் ஒரே மாதிரி சொல்லியிருக்காங்க மேடம், அதனால இது கன்ஃபர்ம்" என்றார். அறை முழுக்கக் கைதட்டல். நான் குடித்துக்கொண்டிருந்த காபியை அப்படியே கீழே வைத்தேன். ஏதோ நாலு நல்ல வார்த்தை பேசி ஒப்பேற்றிவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகும் கோபம் அடங்கவில்லை. அந்தப் பிள்ளை மேல் எனக்கு ஒன்றும் இல்லை. வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகாதவருக்கு என்ன தெரியும்? முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார்களே பெரியவர்கள், அவர்களுக்குத் தெரியும். தெரிந்துதான் தட்டினார்கள். அதனால் அன்றைக்கு வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு வந்ததை இப்போது எழுதுகிறேன். படிக்கிறபோது கொஞ்சம் சூடாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், இத்தனை வருஷம் ஆகியும் எனக்கு இது ஆறவில்லை.

எண்பதுகளின் நடுவில், புதிய போதைப்பொருள் சட்டம் வந்த புதிதில், சென்னையில் ஓர் ஆய்வு நிறுவனம் ஒரு திட்டம் தொடங்கியது. எந்தப் போதை எந்தப் பக்கம் கூடுகிறது, எங்கே குறைகிறது என்று கணிக்கும் திட்டம். கஞ்சா குடிக்கிறவனோ மாத்திரை போடுகிறவனோ தானாக வந்து பெயர் கொடுக்க மாட்டான் அல்லவா? ஆகவே தாலுகாவுக்கு ஐந்து ‘விவரமறிந்தவர்களை’ப் பிடித்து, மூன்று மாதத்துக்கு ஒரு முறை எழுத்தில் அறிக்கை வாங்க வேண்டும். கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக்கு நான்தான் கள அலுவலர். இடைசெவல்காரி. கம்பும் பருத்தியும் விதைத்த வீட்டில் பிறந்து எம்.ஏ. முடித்தவள். இந்த வேலை கிடைத்தபோது நாட்டையே திருத்திவிடப் போகிறோம் என்ற நினைப்பில் பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கினேன்.

அந்த ஐந்து பேரை நான் தேர்ந்தெடுக்கவில்லை, சென்னை தேர்ந்தெடுத்து அனுப்பியது. கிளினிக் வைத்திருந்த ஒரு டாக்டர், போலீஸ் இன்ஸ்பெக்டர், ஒரு ஹெட்மாஸ்டர், மெடிக்கல் ஷாப் அண்ணாச்சி ஒருவர், யூனியன் சேர்மன். பட்டியலைப் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். ஆனால் எங்கள் ஊர்ப் பக்கம் அப்போது பூப்பந்து என்றால் உயிர். பூப்பந்தில் ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர். நம்முடைய ஐந்து நிபுணர்களும் மனமகிழ் மன்றத்துப் பின்னால் இருந்த மைதானத்தில் தினமும் சாயங்காலம் ஒரே பக்கத்தில் நின்று ஆடுகிறவர்கள். ஆடி முடித்துப் பெஞ்சில் உட்கார்ந்து காராச்சேவைக் கொறித்துக்கொண்டே உலகத்து விஷயம் எல்லாம் பேசிக் கலைவார்கள். இது ஊரில் எல்லோருக்கும் தெரியும். ‘ஒருவரை ஒருவர் சாராத ஐந்து ஆதாரங்கள்’ என்று கோப்பில் எழுதி வைத்திருந்த சென்னைக்குத்தான் தெரியாது. நான் எழுதிச் சொன்னேன். பதில் வரவில்லை.

அந்த முறை அறிக்கைகள் ஐந்தும் கைக்கு வந்தபோது பஸ்ஸில் உட்கார்ந்து படித்தேன். வழக்கமாக ஒருவர் கஞ்சா என்பார், ஒருவர் ‘குறிப்பிடத்தக்கதாக ஏதும் இல்லை’ என்று முடித்துவிடுவார். இந்தத் தடவை ஐந்திலும் ஒரே விஷயம். கழுகுமலை ரோட்டில் ஒரு கிராமத்தில், தீப்பெட்டி வேலைக்குப் போகும் பெண்களின் கைக்குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பெண் ஒருத்தி, அவற்றுக்கு அபின் உரைத்துக் கொடுத்துத் தூங்க வைக்கிறாளாம். குழந்தைகள் நாள் முழுக்கக் கிறங்கிக் கிடக்கின்றனவாம். ஐந்திலும் அதே ‘கிறங்கிக் கிடக்கின்றன’. எந்நாளும் இங்கிலீஷில் எழுதும் டாக்டர்கூட அந்த ஒரு வரியைத் தமிழில் எழுதியிருந்தார். ஐந்து பேரில் ஒருவர்கூட ‘நான் பார்த்தேன்’ என்று எழுதவில்லை.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் சென்னையில் இருந்த எங்கள் இயக்குநருக்கு ட்ரங்க் கால் போட்டேன்.

"சார், கொஞ்சம் பொறுங்க. நான் நேர்ல போய்ப் பார்த்துட்டு வந்துடறேன். இவங்க அஞ்சு பேரும் தினம் ஒண்ணா விளையாடுறவங்க."

"நல்லதுதானேம்மா? அவங்களுக்குள்ள ஒத்துழைப்பு இருக்குன்னு அர்த்தம்."

"சார், ஒருத்தர் சொன்னதை மத்தவங்க திருப்பிச் சொல்றாங்கன்னு அர்த்தம்."

"டாக்டர் எழுதியிருக்கார், போலீஸ் எழுதியிருக்கார். இதுக்கு மேல என்ன வேணும் உனக்கு? இதுவரைக்கும் யாருமே கவனிக்காத ட்ரெண்டும்மா இது. அடுத்த வாரம் கருத்தரங்குல வாசிக்கப் போறேன்."

வைத்துவிட்டார். வாசிக்கவும் வாசித்தார். அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. ‘உரிய நடவடிக்கைக்காக’ என்று ஒரு நகலைக் கலெக்டர் ஆபீசுக்கும் அனுப்பிவைத்தார். பெயரை எடுத்துவிட்டுத்தான் அனுப்பினார்கள். அதில் அவர்களுக்கு ரொம்பப் பெருமை. கழுகுமலை ரோட்டில் கைப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண் என்றால் அந்தப் பக்கத்தில் மாடத்தி ஒருத்திதான். பெயரை எடுத்தால் என்ன, எடுக்காவிட்டால் என்ன?

மாடத்தி நாற்பதை ஒட்டிய வயசுக்காரி. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. விடிவதற்குள் தீப்பெட்டி ஆபீஸ் வேன் வந்துவிடும். ஆலையை எங்கள் பக்கத்தில் ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். ஊர்ப் பெண்கள் ஓடிவந்து பிள்ளைகளை மாடத்தி வீட்டுத் தொட்டில்களில் போட்டுவிட்டு வேன் ஏறுவார்கள். பொழுது அடைந்தபின்தான் திரும்பி வருவார்கள். அவர்கள் கொடுப்பதில்தான் அவள் கஞ்சி குடித்தாள்.

அவளைப் பிடித்துக்கொண்டு போன விஷயம் எனக்கு எப்படித் தெரிந்தது தெரியுமா? மெடிக்கல் ஷாப் அண்ணாச்சி சொல்லி. ஒரு நாள் காலையில் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கி அவர் கடையைத் தாண்டி நடக்கிறேன், உள்ளே இருந்து சத்தம் கொடுக்கிறார்.

"தங்கச்சி, நம்ம ரிப்போர்ட்டு வேலை செஞ்சிட்டு பாத்தியளா! அந்த அபின்காரிய நேத்துச் சாயங்காலமே ஸ்டேசனுக்குத் தூக்கிட்டு வந்துட்டாவ."

சிரித்துக்கொண்டே சொன்னார். நல்ல காரியம் நடந்த மாதிரி.

நேரே ஸ்டேஷனுக்குப் போனேன். வராந்தாவில் மாடத்தி தரையில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே இன்ஸ்பெக்டர் மேஜையில் ஓர் உரைகல் இருந்தது. நம் வீடுகளில் வசம்பும் ஜாதிக்காயும் மாசிக்காயும் உரைத்துப் பிள்ளை நாக்கில் தடவுவோமே, அந்தக் கல். நடுவில் பழுப்பாகக் கறை பிடித்திருந்தது. அவள் வீட்டைச் சோதனை போட்டதில் அவர்களுக்குக் கிடைத்தது அது ஒன்றுதான்.

"வாங்க மேடம்" என்றார் இன்ஸ்பெக்டர். "கலெக்டர் ஆபீசுலருந்தே ஆர்டர் வந்துட்டு. மெட்ராஸ்ல ஆய்வு பண்ணி எழுதியிருக்காங்க."

"சார், அதுல இருக்கது நீங்க எழுதினதுதானே?"

"நான் எழுதுனது வேற. இது மெட்ராஸ்லருந்து வந்தது."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தன் கையால் எழுதிக் கொடுத்த ஊர்ப்பேச்சு சென்னைக்குப் போய், கலெக்டர் ஆபீஸ் முத்திரை வாங்கிக்கொண்டு தன் மேஜைக்கே வந்ததும், எழுதின மனுஷனுக்கே அது ஆதாரமாகத் தெரிந்தது. என் வேலைக்காலத்தில் எத்தனையோ அயோக்கியத்தனம் பார்த்திருக்கிறேன். மனசறிந்து பொய் சொல்லாமலே இப்படி ஒரு பொய்யைப் பெற்று வளர்க்க முடியும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"அபின் எங்க சார்?"

"கல்லப் பாருங்க. கறை தெரியுதா? லேபுக்கு அனுப்புதோம்."

"அது வசம்பு சார். உங்க அம்மா உங்களுக்கு உரைச்சுக் கொடுத்திருக்க மாட்டாவளா?"

"எங்கம்மா கொடுத்தது வேற மேடம்." அதற்கும் ஒரு ‘வேற’ வைத்திருந்தார். "லேபுலருந்து பதில் வர மாசக்கணக்காகும். அதுவரைக்கும் பாளையங்கோட்டையில கெடக்கட்டும். அபின் கேசுன்னா புதுச் சட்டத்துல பத்து வருசத்துக்குக் கொறையாது. சாயங்காலம் வெளாடிட்டு வந்து பேப்பர்ல கையெழுத்துப் போட்டா, காலையில கோர்ட்டு."

விளையாடிவிட்டு வந்து! ஒரு பொம்பளையின் பத்து வருஷம் அவருக்குப் பூப்பந்து முடிந்த பிறகு பார்க்க வேண்டிய வேலை. ஜாமீன் எடுக்க மாடத்திக்கு யார் இருக்கிறார்கள்? உள்ளே போனால் போனதுதான்.

வராந்தாவுக்கு வந்து அவள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். யார் என்று சொன்னேன்.

"ஓ, அந்த எழுதுத பொம்பள நீதானா? என்னப் பத்தி என்னட்டி எழுதுன?"

"நான் எழுதலக்கா."

"பொறகு யாரு எழுதுனா? வானத்துலருந்து விழுந்துச்சோ?"

"பிள்ளைக நெசமாவே தூங்கிக்கிட்டே கெடக்கா? யாரு என்ன கொடுக்கா?" என்று கேட்டேன். அவள் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"ஏன் கையால உரை மருந்து கொடுத்தேன். அது ஊரே கொடுக்கும். வேற ஒண்ணும் நான் கொடுக்கல. அதுக்கு மேல ஏன்ட்ட கேக்காத. வேலைக்குப் போற பிள்ளைக வாயில மண்ணள்ளிப் போட்டுறாத தாயி."

அவளுக்கு ஏதோ தெரியும். சொன்னால் தான் வெளியே வரலாம் என்பதும் தெரியும். சொல்லமாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறாள்.

கழுகுமலை பஸ்ஸைப் பிடித்து ஊருக்குப் போனேன். உச்சி வெயில். மாடத்தி வீட்டில் ராமலச்சுமி என்ற ஒரு பெண் இருந்தாள். தீப்பெட்டிக்குப் போகிறவள்தான். மாடத்தி இல்லாததால் பிள்ளைகளைப் பார்க்க அன்றைக்கு அவளை நிறுத்திவிட்டு மற்றவர்கள் வேன் ஏறியிருக்கிறார்கள். உள்ளே வரிசையாகச் சேலைத் தொட்டில்கள். ஒரு பிள்ளைகூட அழவில்லை. அந்தப் புழுக்கத்தில், ஈ மொய்க்க, வாயைத் திறந்துகொண்டு தூங்குகின்றன. ஒன்றின் உள்ளங்காலைச் சுண்டினேன். பாதிக் கண்ணைத் திறந்து மறுபடி மூடிக்கொண்டது.

முதலில் பயந்துபோனேன். டாக்டர் சொன்னது சரிதானோ என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. பிறகுதான் உறைத்தது. மாடத்தி நேற்றுச் சாயங்காலத்திலிருந்து ஸ்டேஷனில் இருக்கிறாள். அவள் இல்லாத வீட்டில் இந்தப் பிள்ளைகள் எப்படிக் கிறங்கிக் கிடக்கின்றன?

ராமலச்சுமியைப் பிடித்து உட்கார வைத்துக் கேட்டேன். முதலில் ஒன்றும் இல்லை என்றாள். "மாடத்தி அக்காவ ஜெயிலுக்கு அனுப்பப் போறாவ, தெரியுமா?" என்றதும் உடைந்துவிட்டாள்.

"அபின் கிபின்லாம் இல்லக்கா, சத்தியமா இல்ல. இது இங்கிலீசு மருந்து. டாக்டரு மருந்து." தட்டியில் செருகியிருந்த ஒரு குப்பியை எடுத்துக் கொடுத்தாள். அடியில் கொஞ்சம் சிவப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. "ஒரு பிள்ளைக்கி வலிப்பு வந்துச்சுன்னு டவுன் டாக்டரு எழுதுனாவ. குடிச்சதும் சுகமாத் தூங்குச்சு. பொறவு ஒருத்தியப் பாத்து ஒருத்தின்னு எல்லாரும் வாங்குதோம். காலையில வேன் வருமுன்ன ஒரு மூடி ஊத்திட்டுப் போவோம்."

"சீட்டு இல்லாம யாரு தாரா?"

"மெடிக்கல் அண்ணாச்சிதான். ‘ஆபீஸ் மருந்து’ன்னு கேட்டாப் போதும், எடுத்துத் தந்துருவாவ."

கேட்டுக்கொண்டீர்களா? மருந்துக்குப் பெயரே வைத்தாகிவிட்டது. வலிப்பு மருந்தை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்பது குற்றம். அதை வரிசையில் நின்று வாங்கும் அளவுக்கு ஒரு வியாபாரம் நடந்திருக்கிறது. நடத்துகிறவர் நம் ஐந்து நிபுணர்களில் ஒருவர். அந்தத் தாலுகாவில் அந்த வருஷம் உண்மையிலேயே கூடிக்கொண்டிருந்த போதை அதுதான். அறிக்கைகளில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

"இது வலிப்பு உள்ள பிள்ளைக்கி உள்ளது. நல்ல பிள்ளைக்கி ஊத்துனா என்னைக்காவது மூச்சு நின்னுரும்" என்றேன்.

"அப்ப நாங்க என்னக்கா செய்யுதது? இத்தன பிள்ள ஒண்ணா அழுதா மாடத்தி அக்கா ஒத்தக் கையாப் பாப்பாளா? பிள்ளையத் தூக்கிட்டுப் போனா வேன்ல ஏத்த மாட்டுக்காவ." அழுதுகொண்டே என் கையைப் பிடித்தாள். "எங்க பேரச் சொல்லிறாதக்கா. எங்களப் புடிச்சிட்டுப் போயிருவாவ." சொல்லமாட்டேன் என்று கைமேல் அடித்துக் கொடுத்தேன்.

திரும்பி வரும் பஸ்ஸில்தான் உண்மையான வேலை இருந்தது. உங்களுக்குப் பயிற்சியில் படிவம் நிரப்பக் கற்றுக்கொடுப்பார்கள். இதைக் கற்றுக்கொடுக்க மாட்டார்கள். நான் பார்த்ததை அப்படியே இன்ஸ்பெக்டரிடம் சொன்னால் மாடத்தியை விட்டுவிட்டு, வேனில் இறங்குகிற தாய்மாரை அள்ளிக்கொண்டு வருவார். சொல்லாவிட்டால் மாடத்தி போய்விடுவாள். ஊரைக் காட்டாமல், வீட்டைக் காட்டாமல், கடையை மட்டும் காட்ட வேண்டும். அதுவும் ஐந்து பேரும் சேர்ந்து இருக்கும்போது காட்ட வேண்டும். தனித்தனியாகப் பார்த்தால் ஒருவர் மேல் ஒருவர் போட்டு என்னைச் சுற்றலில் விட்டுவிடுவார்கள்.

மைதானத்துக்குப் போனேன். பெண் பிள்ளைகள் அந்தப் பக்கம் போகிற வழக்கமே கிடையாது. ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. கோட்டுக்குள்ளேயே போய் நின்றேன். பந்து நின்றது.

"டாக்டர் சார், அபின் கொடுக்கதை நீங்க கண்ணால பாத்தீங்களா?"

டாக்டர் மட்டையை அக்குளில் வைத்துக்கொண்டு முழித்தார். "கிளினிக்குக்கு வந்த பிள்ளைங்க கிறங்கிக் கிடந்ததைப் பார்த்தேன்மா. அபின்னு ஹெட்மாஸ்டர்தான் சொன்னார்."

ஹெட்மாஸ்டரைப் பார்த்தேன். "எனக்கென்ன தெரியும்? நம்ம சேர்மன் ஊர் ஊராப் போறவர், அவர் சொன்னார்."

சேர்மன், "இன்ஸ்பெக்டருக்குத் தகவல் இருக்குன்னு பேசிக்கிட்டாவ" என்றார்.

இன்ஸ்பெக்டர், "மெடிக்கல் அண்ணாச்சிதான் அந்த ஊர்க்காரிக கடைக்கு வந்து அபின் பேச்சுப் பேசுதாளுகன்னு சொன்னாரு" என்றார்.

அண்ணாச்சி உடனே, "நான் எங்க சொன்னேன்? டாக்டர்தான் முதல்ல இந்தப் பெஞ்சுல ஒக்காந்து, ‘அபின் ஏதும் கொடுக்காளுகளோ’ன்னு கேட்டாரு" என்றார்.

அவ்வளவுதான். சுற்றி வந்துவிட்டது. ஒரு சாயங்காலம் டாக்டர் காராச்சேவு தின்றுகொண்டு கேட்ட ஒரு கேள்வி, நாலு பேர் வாயில் புகுந்து பதிலாக அவரிடமே வந்து, அவர் அதை அறிக்கையாக எழுதியிருக்கிறார். ஐந்து பேரும் நெட்டின் ஒரே பக்கத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நான் குப்பியை எடுத்து டாக்டரிடம் நீட்டினேன். மோந்து பார்த்தார். விரலில் தொட்டுப் பார்த்தார். "இது வலிப்பு மருந்து. நான் ஒரே ஒரு பிள்ளைக்குத்தான் எழுதினேன்" என்றார். குரல் இறங்கிவிட்டது.

"ஊர்ல தொட்டில் தொட்டிலா ஓடுது சார். சீட்டு இல்லாம."

"எந்த வீட்டுல எடுத்தீங்க?" இன்ஸ்பெக்டருக்கு அதுதான் முதலில் வந்தது. "பேரைச் சொல்லுங்க. மறைச்சா அதுவே குத்தம்."

"வாங்குறவ பேரு எதுக்கு சார்? விக்கிறவரு உங்க பக்கத்துலதான் மட்டையோட நிக்காரு, அவரக் கேளுங்க. மாடத்தி ஸ்டேஷன்ல இருக்கையிலயே இன்னைக்கு மத்தியானம் பிள்ளைக அப்படித்தான் கெடந்துச்சு. அவ ராத்திரி பூரா உங்க வராந்தாவுல ஒக்காந்துக்கிட்டா அபின் கொடுத்தா?"

அண்ணாச்சி முகம் வெளிறிப்போய், உடனே சிரிப்பை வரவழைத்துக்கொண்டார். "சின்ன மருந்து தங்கச்சி. பாவம், ஏழைப் பொம்பளைக, கேட்டா இல்லன்னு சொல்ல முடியுமா?" என்றார். எவ்வளவு இரக்கம் பாருங்கள்! அந்த ஏழைப் பொம்பளைகளில் ஒருத்தியை அபின்காரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டதும் இதே கைதான். பிள்ளைகள் ஏன் தூங்குகின்றன என்று அந்த ஐந்து பேரில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். தெரிந்துகொண்டே பெஞ்சில் உட்கார்ந்து, அபின் பேச்சு வளரட்டும் என்று விட்டிருக்கிறார். காலையில் என்னிடம் அந்தச் சிரிப்புச் சிரித்ததும் அதனால்தான்.

சேர்மன் நடுவில் வந்தார். "நமக்குள்ள எதுக்குப் பெரிசு பண்ணிக்கிட்டு? அந்தப் பொம்பளைய அனுப்பிருங்க, முடிஞ்சு போச்சு." டாக்டரும் "ஆமா, விட்டுருங்க" என்றார். ‘நாம் தப்பு செய்துவிட்டோம்’ என்று ஒரு வாயும் சொல்லவில்லை. நான் மைதானத்தை விட்டு வெளியே வருவதற்குள் பின்னால் மட்டைச் சத்தம் கேட்டது. அடுத்த ஆட்டம் ஆரம்பித்துவிட்டார்கள்.

விளையாடி முடித்து வந்த இன்ஸ்பெக்டர் மாடத்தியை எழுந்திருக்கச் சொன்னார். "போ. இனியாவது ஒழுங்கா இரு" என்றார். ஒழுங்காக இரு! அந்த ஸ்டேஷனில் அன்றைக்கு ஒழுங்காக இருந்தவள் அவள் ஒருத்திதான். உரைகல்லை அவளே மேஜையிலிருந்து எடுத்துக்கொண்டாள். கடைசி பஸ் போவதற்குள் ஏற்றிவிட்டேன்.

பிறகு நான் திருத்த அறிக்கை எழுதினேன். அபின் இல்லை, சீட்டில்லாமல் விற்கும் வலிப்பு மருந்து, விற்பனை மருந்துக்கடை வழியாக, காரணம் கைப்பிள்ளைகளை வைத்துக்கொள்ள ஆலைகளில் இடம் இல்லாதது என்று விளக்கமாக எழுதினேன். இயக்குநர் என்னைச் சென்னைக்குக் கூப்பிட்டுவிட்டார்.

"நம்ம நிபுணர் மேலயே நாம குற்றம் சொன்னா அப்புறம் யாரும்மா நமக்கு அறிக்கை தருவா? அதுவும் நான் கருத்தரங்குல வாசிச்ச பிறகு?"

என் அறிக்கை கோப்பில் ஏறவில்லை. மருந்து ஆய்வாளருக்குத் தனியாக எழுதிப் போட்டேன். அங்கிருந்து ஒருவர் வந்து அண்ணாச்சி கடையில் காபி குடித்துவிட்டுப் போனார் என்று கேள்விப்பட்டேன். ராமலச்சுமியும் இன்னும் சில பெண்களும் நான் சொன்னதைக் கேட்டு மருந்தை நிறுத்தினார்கள். மற்றவர்கள் நிறுத்தவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அடுத்த காலாண்டு வந்தது. ஐந்து அறிக்கைகளும் வந்தன. ஐந்திலும் ஒரே வாசகம்: ‘எடுக்கப்பட்ட நடவடிக்கையின் விளைவாக அபின் பழக்கம் வெகுவாகக் குறைந்துள்ளது.’ இல்லாத ஒன்று குறைந்துவிட்டது! சென்னையில் அதற்கு ஒரு படம் வரைந்தார்கள். மேலே ஏறி, பிறகு அழகாகக் கீழே இறங்கும் கோடு. திட்டத்தின் வெற்றிக்கு அதுதான் சான்று என்று வருஷா வருஷம் காட்டினார்கள். போன மாதம் உங்கள் வகுப்புச் சுவரில் மாட்டியிருந்த படங்களில் அதுவும் ஒன்று. நீங்கள் பார்த்திருப்பீர்கள், யாருக்கும் அது என்ன என்று தெரிந்திருக்காது.

ஆகவே உங்களுக்கு நான் சொல்வது இது. அறிக்கை வாங்கப் போனால் கையெழுத்தை எண்ணாதீர்கள். ‘நீங்கள் பார்த்தது எது, கேட்டது எது, யார் சொல்லிக் கேட்டீர்கள்’ என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். எல்லாம் ஒரே பெஞ்சில் போய் முடிந்தால் ஐந்தையும் ஒன்று என்று எழுதுங்கள். நிபுணருக்குக் கோபம் வரும். வரட்டும். மேலே இருப்பவர் திட்டுவார். திட்டட்டும். ‘பெயரை எடுத்துவிட்டோம்’ என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது நெஞ்சை நிமிர்த்தினால் அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு கழுகுமலை பஸ்ஸில் ஏறுங்கள்.

நான் கடைசியாக அதில் ஏறியது அந்தக் கோடு இறங்கின வருஷத்தில். மாடத்தி முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். மிளகாய் பறிக்கப் போய்விட்டு வருகிறாள். பிள்ளைகளை இப்போது அவளிடம் யாரும் விடுவதில்லை. விட்டால் போலீஸ் வரும் என்று பயம். வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை எப்படியோ சமாளித்துக்கொள்கிறார்கள். எப்படி என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ‘திருத்தி எழுதினேன்க்கா, எடுத்துக்கிடல’ என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் பஸ் அந்த ஊருக்குப் பாதை பிரியும் விலக்கில் வேகம் குறைந்தது. கண்டக்டர் புதுப் பையன். அந்தப் பக்கத்து ஆள் இல்லை. மற்றவர்கள் சொல்லக் கேட்டுப் பழகின பெயரை, தினமும் சொல்கிற மாதிரி, சத்தமாகச் சொன்னான்.

"அபின்காரி விலக்கு! எறங்குறவங்க எல்லாம் முன்னால வாங்க!"

யாரும் சிரிக்கவில்லை. அது வெறும் ஸ்டாப்பின் பெயராகிவிட்டிருந்தது. மாடத்தி பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"வாரேன் தாயி" என்றாள். "நம்ம ஸ்டாப்பு வந்துட்டு."